ப்ரீகாஸ்ட் சட்டகத்தில் போஸ்ட் டென்ஷனிங்: ஸ்ட்ராண்டை இழுத்துப் பூட்டுவது எப்படி?

ப்ரீகாஸ்ட் பீமை (முன்பே வார்த்த கான்கிரீட் உத்தரத்தை) தூண்களுக்கு நடுவே நிறுத்தி, இரண்டுக்கும் ஊடாக ஸ்ட்ராண்ட் (முறுக்கிய எஃகுக் கம்பி வடம்) கோத்து இழுத்தால், பீமின் முகம் தூணோடு அழுந்தி நிற்கும். இப்படிக் கான்கிரீட் இறுகிய பிறகு இழுப்பதுதான் போஸ்ட் டென்ஷனிங். அந்த அழுத்தம் தரும் உராய்வுதான் பீமின் பாரத்தைத் தூணுக்குக் கடத்துகிறது. அதனால் இழுவிசை குறைந்தால் இணைப்பே பலவீனமாகும்.

1. டக்ட்டை (ஸ்ட்ராண்ட் செல்லும் குழாயை) சரிபாருங்கள். பீம் டக்ட்டும் தூண் டக்ட்டும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று விளக்கடித்துப் பாருங்கள். சந்திப்பில் டக்ட்டைச் சுற்றி ரப்பர் வளையம் வையுங்கள். அதை மறந்தால், பீமுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஊற்றும் கிரௌட் (சிமென்ட் கலவை) உள்ளே கசிந்து ஸ்ட்ராண்டைப் பிடித்துக்கொள்ளும்.

2. ஸ்ட்ராண்டைக் கோத்து, இடைவெளியில் கிரௌட் நிரப்புங்கள். சேறோ துருச்செதிலோ படிந்த ஸ்ட்ராண்டை வெட்ஜ் (முனையில் அதைப் பிடித்து நிறுத்தும் ஆப்பு) கவ்வாது, வழுக்கும். கிரௌட் இறுகும் முன் ஸ்ட்ராண்டை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கிரௌட்டின் கியூப் சோதனையில் (கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்ப்பது) வரைபடம் கேட்கும் வலிமை வரும்வரை இழுக்காதீர்கள்.

3. நீட்சியை முன்பே கணக்கிடுங்கள். 12.7 மி.மீ. ஸ்ட்ராண்டின் பரப்பு 98.7 ச.மி.மீ., 1860 தரத்தில் (மெகாபாஸ்கலில் இழுவலிமை) அறுபடும் விசை சுமார் 184 கிலோநியூட்டன். அதில் 75% இழுப்பதாக வைத்தால் 138 கிலோநியூட்டன். நீளம் 20 மீட்டர், மீள்தன்மைக் குணகம் 195 கிகாபாஸ்கல் என்றால் (உராய்வை விட்டுவிட்டு):

138000 × 20000 ÷ (98.7 × 195000) = சுமார் 143 மி.மீ.

நிலநடுக்கப் பகுதிகளில் ஸ்ட்ராண்ட் மீள்நிலையிலேயே (நிரந்தரமாக நீண்டுவிடாமல்) இருக்க வேண்டும் என்பதால் இதைவிடக் குறைவாக இழுக்கச் சொல்வார்கள். வரைபடத்தில் உள்ள எண்தான் இறுதி.

4. இழுங்கள். ஜாக்கால் (ஹைட்ராலிக் இழுவைக் கருவி) முதலில் 20% விசை கொடுத்துத் தொய்வை எடுத்து, ஸ்ட்ராண்டில் பெயின்டால் கோடு போடுங்கள். பிறகு 100% வரை படிப்படியாக ஏற்றுங்கள். இரண்டுக்கும் இடையே கோடு 114 மி.மீ. நகர்ந்தால் 114 ÷ 0.8 = 143, கணக்கோடு ஒத்துப்போகிறது. ஜாக்குக்குள் இருக்கும் ஸ்ட்ராண்டின் நீட்சியைக் கழிக்க மறக்காதீர்கள். ஜாக்குக்குப் பின்னாலோ மறுமுனை ஆங்கருக்கு (வெட்ஜ் அமரும் பிடிமானம்) நேராகவோ யாரும் நிற்கக் கூடாது. வெட்ஜ் நழுவினால் ஸ்ட்ராண்ட் அம்புபோல் பாயும்.

ஜாக்கின் அழுத்தமானியை மட்டும் நம்பாதீர்கள். மானி சரியாக இருந்தும் நீட்சி குறைந்தால், கிரௌட் புகுந்திருக்கலாம், டக்ட் நெளிந்திருக்கலாம், மானியே தப்பாகக் காட்டலாம். நீட்சி கூடினால் மறுமுனை வெட்ஜ் நழுவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கான்கிரீட் விதியான ஏசிஐ 318, 7% வரை வேறுபாட்டை ஏற்கும். அதைத் தாண்டினால் காரணம் தெரியும்வரை ஸ்ட்ராண்டின் முனையை வெட்டாதீர்கள்.

5. பூட்டுங்கள். ஜாக்கை விடும்போது வெட்ஜ் சுமார் 6 மி.மீ. உள்வாங்கும். 24 மீட்டர் ஸ்ட்ராண்டில் இதனால் போகும் தகைவு (ஒரு பரப்பலகின் மீதான விசை) 49 மெகாபாஸ்கல், 8 மீட்டரில் 146. இரு தூண்களுக்கு இடையிலான ஒரே இடைவெளிக்குக் குட்டையான ஸ்ட்ராண்ட் போடுவோர் இந்த இழப்பைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

6. முடியுங்கள். நீட்சிப் பதிவுக்குப் பொறியாளர் ஒப்புதல் தந்த பிறகே நீட்டிய முனையை டிஸ்க் கட்டரால் வெட்டுங்கள். கேஸ் தீ வேண்டாம், சூடு வெட்ஜின் பிடியைக் கெடுக்கும். முனைக்குக் கிரீஸ் நிரப்பிய மூடி போட்டு, ஆங்கர் குழியைச் சுருங்காத கிரௌட்டால் அடைத்துவிடுங்கள்.