விரல் நீளக் கணினிக்கு வீட்டில் ஒரே ஒரு வேலை

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற ஒற்றைப் போர்டு கணினி 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். உள்ளே 512 எம்பி ரேம். மானிட்டரும் கீபோர்டும் மாட்டி இதை மேசைக் கணினியாக்கலாமா என்று கேட்டால், ஆக்கலாம்; பிரவுசரில் நாலு பக்கம் திறந்ததும் திணறும். திரையே இல்லாமல் ஒரு மூலையில் கிடந்து, ஒரே வேலையை இரவு பகலாகச் செய்வதுதான் இதற்குப் பொருத்தம். என் வீட்டில் ஒன்று மீன்தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது, இன்னொன்று பிரிண்டரோடு கிடக்கிறது.

முதலில் மெமரி கார்டு. ராஸ்பெர்ரி பை இமேஜர் மென்பொருளை உங்கள் கணினியில் நிறுவி, ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம், வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைந்து கட்டளை தர உதவும் எஸ்எஸ்ஹெச் அனுமதி எல்லாவற்றையும் கார்டில் எழுதும் முன்பே இமேஜரில் கொடுத்துவிடலாம். போர்டுடன் ஒரு பொதுவான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வரும் என்று பழைய குறிப்புகளில் பார்த்தால் நம்பாதீர்கள். 2022 ஏப்ரலிலேயே அதை எடுத்துவிட்டார்கள். இந்தப் போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இணைப்பு வராது. சார்ஜர் 5 வோல்ட், 2.5 ஆம்பியர் இருக்கட்டும்.

இப்போது மீன்தொட்டி. டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார், தண்ணீர் புகாத உலோகக் குழாயில் அடைத்து நீளமான ஒயரோடு கிடைக்கும். சாதாரண சென்சார்கள் வோல்டேஜாகத் தரும் அளவைப் படிக்க இந்தப் போர்டில் வசதி இல்லை. இந்தச் சென்சார் எண்ணாகவே அனுப்பிவிடுவதால் அந்தத் தலைவலி கிடையாது. ஒயர் மாட்டும் ஊசிகளின் வரிசையை (பின், pin) ஏற்கெனவே பற்றவைத்த போர்டாக வாங்கினால் வேலை பாதி குறையும். சென்சாரின் மின் ஒயர் 1-ஆம் பின்னில், அதாவது 3.3 வோல்ட்டில், டேட்டா ஒயர் 7-ஆம் பின்னில், கிரவுண்ட் 9-ஆம் பின்னில். மூன்றும் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. மின் ஒயருக்கும் டேட்டா ஒயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாமல், சென்சாரோடு வந்த தாளைப் பார்த்து இணையுங்கள். 5 வோல்ட் தரும் பின்களைத் தொடவே வேண்டாம்; டேட்டா பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில், இந்தச் சென்சார் பேசும் ஒன்-ஒயர் வசதியை இயக்கி ரீபூட் செய்தால், 28 என்று தொடங்கும் பெயரில் ஒரு ஃபோல்டர் தோன்றும். அதற்குள் உள்ள கோப்பில் 26187 என்று இருந்தால் 26.187 டிகிரி என்று அர்த்தம். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், சென்சாரின் துல்லியம் அரை டிகிரிதான். எப்போதாவது 85 டிகிரி என்று காட்டும். மீன் வெந்துபோகவில்லை, மின்சாரம் வந்தவுடன், அளக்கும் முன்பே சென்சார் சொல்லும் தொடக்க எண் அது. சின்ன பைதான் நிரலில் 85-ஐ ஒதுக்கிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) போட்டால் ஒரு நாளைக்கு 288 வரிகள் சேரும்.

தனி எண்ணைப் பார்த்து ஒன்றும் தெரியாது, வரைபடமாகப் போட்டால்தான் ருசி. விளக்கு எரியும் நேரத்தில் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது, தண்ணீர் மாற்றிய பிறகு பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது எல்லாம் கோட்டிலேயே தெரியும். அந்த நேரம் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போனால் ஹீட்டரைக் கவனியுங்கள். ஆனால் ஹீட்டரை இந்தப் போர்டு வழியாக ஆன், ஆஃப் செய்யும் யோசனைக்கு நான் எதிரி. தண்ணீர் பக்கத்தில் வீட்டு மின்சாரம், நடுவில் சுவிட்சாக ஒரு மலிவு ரிலே, அது ஒட்டிக்கொண்டால் மீன் கதி? ஹீட்டருக்குள் சூட்டைப் பார்த்துத் தானே ஆன், ஆஃப் செய்யும் தெர்மோஸ்டாட் போதும், போர்டு வேடிக்கை பார்க்கட்டும். அப்புறம் இன்னொன்று, இந்தப் போர்டில் கடிகாரம் கிடையாது. நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுக்கும். மின்சாரம் போய் வந்ததும் சிறிது நேரம் பழைய நேரத்தோடு பதிவு விழலாம். நேரம் சரியான பிறகே எழுதும்படி நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிரிண்டர் கதை சின்னது. யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய பிரிண்டரை ஓடிஜி அடாப்டர் (சின்ன யுஎஸ்பி துளையைப் பெரிய துளையாக்கும் ஒயர்) வழியாக போர்டில் இணைத்து, பிரிண்டரைப் பகிரும் கப்ஸ் மென்பொருளை நிறுவினால் வீட்டில் எல்லோரும் வைஃபையில் அச்சிடலாம். மற்ற கணினிகளிலிருந்து அணுக கப்ஸில் அனுமதி கொடுத்துவிட்டு, பிரவுசரில் போர்டின் முகவரியோடு 631 என்ற போர்ட் (port) எண்ணைச் சேர்த்தால் அமைப்புப் பக்கம் வரும். சில லேசர் பிரிண்டர்களின் டிரைவர் சாதாரண கணினிகளுக்கு மட்டும்தான் உண்டு, இந்தப் போர்டில் உள்ள ஆர்ம் வகை சிப்புக்கு இருக்காது. அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலும் இதில் ஓடும். ரவுட்டரில் போர்டுக்கு நிலையான ஐபி ஒதுக்கி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியாக அதை மட்டும் கொடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ்ஸுக்கான பெட்டியில் வேறு பொது டிஎன்எஸ்ஸைப் போட்டால் கருவிகள் அந்த வழியாகவும் போகும், விளம்பரம் ஒழுகும். யூடியூப் விளம்பரம் மட்டும் இதற்கு மசியாது; வீடியோ வரும் இடத்திலிருந்தே அதுவும் வருகிறது.

எந்த வேலையாக இருந்தாலும் ஒயரைப் பிடுங்கும் முன் ஷட்டவுன் கட்டளை கொடுங்கள். எல்லாம் சரியாக ஓட ஆரம்பித்ததும் கார்டை எடுத்து, முழுப் பிரதி ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் முதலில் சாவது பெரும்பாலும் கார்டுதான்.