மசக்கைக்காரிக்குச் சமைக்கிறவர்களுக்கு

வயிற்றில் பிள்ளை இருக்கிறவளிடம் "நல்லா சாப்பிடும்மா" என்று சொல்ல ஊரே இருக்கிறது. ஆக்கிப் போடத்தான் ஆள் குறைவு. அந்த ஆளுக்காக எழுதுகிறேன். அம்மாவோ, மாமியாரோ, கட்டினவனோ, யாராக இருந்தாலும் சரி. என் பெரியவள் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டே பிள்ளை பெற்றவள். சின்னவள் குடியாத்தத்தில் என் வீட்டிலேயே ஒரு கோடை முழுக்க இருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் வாய் வேறு வேறு. ஒருத்திக்குப் பிடித்தது இன்னொருத்திக்குக் குமட்டியது. அதனால் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு அதன்படி ஊட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வயிற்றில் தங்குகிற சாப்பாடுதான் சத்தான சாப்பாடு. அவளுக்கு எது இறங்குகிறதோ அதைக் கண்டுபிடித்து, அதற்குள் சத்தை நுழைக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் சத்துக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டாக்டர் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் தவறக் கூடாது. மற்றபடி எது உள்ளே போனாலும் லாபம். பெரியவளுக்குத் தாளிக்கிற வாசனை பட்டாலே ஆகாது. அவள் குளிக்கப் போன நேரத்தில் குழம்பைத் தாளித்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவேன். சூடான சாப்பாட்டில்தான் வாசனை ஏறும், ஆறியதில் குறைவு. ஆறின இட்லி, தயிர் சோறு, மிளகு ரசத்தில் குழைத்த சோறு இவை இறங்கும். காலையில் பாயை விட்டு எழுவதற்கு முன்பே ஒரு பிடி பொரியோ இரண்டு ரஸ்க்கோ மென்று, கொஞ்ச நேரம் கழித்து எழட்டும். காபி அப்புறம். வயிறு காலியாக இருந்தால்தான் குமட்டல் கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போட வேண்டும். வேலைக்குப் போகிறவள் என்றால் பையில் ஒரு சின்ன டப்பா: பொட்டுக்கடலை, உலர் திராட்சை, ஒரு நெல்லிக்காய். பஸ்ஸில் முகர்ந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழம். எங்கள் பெரியவளை அந்தப் பழம்தான் கம்பெனி வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

புளிப்பு கேட்டால் கொடுங்கள். ஆனால் சாம்பல், மண், பச்சரிசி என்று கேட்டால் "மசக்கை ஆசை" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். ரத்தம் குறைந்திருந்தாலும் அப்படி ஆசை வரும். நர்ஸம்மாவிடம் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து நிறம் கறுக்கிறது என்றால் கஷாயம் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நான்காம் மாதத்திலிருந்து பசி திரும்பும். உடனே "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று ஆரம்பிப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாக வேண்டியது 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்னொரு தட்டுச் சோறு இல்லை.

எங்கள் ஊரில் கோடையில் பிள்ளை சுமப்பது தனி வேலை. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் யாருக்குச் சோறு இறங்கும்? சின்னவள் கத்திரி வெயிலில் காலை முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பாள். அவளுக்குக் கைகொடுத்தது கேழ்வரகுக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பதைவிட அதிகம். புளிக்க வைத்துக் காய்ச்சினால் அதிலிருக்கும் இரும்பும் உடம்பில் நன்றாகச் சேரும். என் செய்முறை இது. ஒரு டம்ளர் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ராத்திரி முழுக்க மூடி வைக்கிறேன். கோடையில் அதற்கு மேல் விட்டால் புளிப்பு முகத்தில் அடிக்கும். மறுநாள் கால் டம்ளர் பச்சரிசி நொய்யை நிறையத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறியதும் ஒரு உருண்டையை எடுத்து மோரில் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொடுங்கள். கடித்துக்கொள்ள நன்றாகக் கழுவின மாங்காய்த் துண்டு. மோர் காய்ச்சின பாலில் உறை ஊற்றியதாக இருக்கட்டும், தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். தள்ளுவண்டிக் கூழ் எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது கர்ப்பிணிக்கு வாங்கித் தர மாட்டேன். பகலில் நடுநடுவே நீர்மோர், இளநீர், நுங்கு, கழுவித் தோல் சீவின வெள்ளரிப் பிஞ்சு. தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

மத்தியானத்துக்குக் கீரைக் கடைசல். வாரத்தில் பாதி நாளாவது செய்யுங்கள், முளைக்கீரையோ அரைக்கீரையோ கலவைக்கீரையோ எது கிடைக்கிறதோ அது. நறுக்குவதற்கு முன்பே மூன்று நான்கு தண்ணீரில் அலசிவிடுங்கள். மண்ணோடு கிருமியும் போக வேண்டும். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, அதில் கீரை, நாலு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய் போட்டு, திறந்த சட்டியில் கொஞ்சத் தண்ணீரில் சீக்கிரம் வேகவிட வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஃபோலேட் அதோடு போய்விடும். மத்தால் கடைந்து இறக்கின பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். இந்தப் புளிப்பு ருசிக்கு மட்டும் இல்லை. வைட்டமின் சி கூட இருந்தால்தான் கீரையின் இரும்பு உடம்பில் ஏறும். கீரை பிடிக்காது என்று அடம் பிடித்தால் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுக் கேழ்வரகு அடை தட்டிக் கொடுங்கள். சின்னவள் கடைசலைத் தொடவே மாட்டாள், அடை என்றால் மூன்று உள்ளே போகும்.

கீரையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள் போட வேண்டும். பாலோடும் டீயோடும் போட்டால் பாதி வீண். போட்ட பிறகு ஒரு மணி நேரமாவது டீ கூடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கெட்டிப்பட்டால் கொய்யாப்பழம், காராமணிக் குழம்பு, நிறையத் தண்ணீர், சாயங்காலம் கொஞ்சம் நடை.

ஆசைக்கும் வழி வைக்க வேண்டும். ஆம்பூரில் வேலை பார்க்கிறவளிடம் பிரியாணி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சீரகச் சம்பா அரிசியில் கறி எலும்பை விட்டு வருகிற அளவுக்கு வெந்து, சூடாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். ராத்திரி மிஞ்சியதை மறுநாள் மத்தியானம் சாப்பிடுவதுதான் வேண்டாம். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வைத்தால் யாராவது ஒரு பெரியம்மா "அரிப்பு வரும்" என்பார். இதற்கு முன் ஒத்துக்கொண்டவளுக்கு இப்போதும் ஒத்துக்கொள்ளும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின எங்கள் முள்ளுக் கத்தரிக்காயை ஒன்பது மாதம் ஒதுக்கி வைக்க நான் தயாரில்லை. மீன் வாரம் இரண்டு முறை நல்லது, சுறா மட்டும் வேண்டாம், பாதரசம் அதிகம். கருவாட்டில் உப்பு அதிகம். பிரஷர் இருக்கிறவளுக்கு ஆகாது. பப்பாளி பழுத்ததில் கெடுதல் இல்லை, காயும் செங்காயும்தான் ஆகாது. ஆனால் பழத்தை நீட்டினாலும் நம் வீடுகளில் எட்டுப் பேர் சண்டைக்கு வருவார்கள். கொய்யா இருக்கும்போது எதற்கு வம்பு? குங்குமப்பூ வாங்கக் காசு இருந்தால் அதில் முட்டை வாங்குங்கள். பிள்ளை நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் வீட்டில் சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் களி கிண்டுவார்கள். கேழ்வரகிலும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் கிண்டிய பெரிய களி உருண்டை சோற்றைப் போலவே சர்க்கரையை ஏற்றும். உருண்டையைச் சிறிதாக்கி, பக்கத்தில் கீரையும் முட்டையும் அதிகமாக வையுங்கள். அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வேளையைத் தவறவிட்டுப் பட்டினி போடுவது கூடவே கூடாது. ஆற்காட்டிலிருந்து யார் மக்கன் பேடா கொண்டுவந்தாலும் அது வீட்டில் மற்றவர்களுக்கு.

காசு இல்லை என்பதற்காகச் சத்துக் குறைய வேண்டியதில்லை. பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் தகுதி உள்ளவர்களுக்கு 18,000 ரூபாய். அதில் ஒரு பகுதி பேரீச்சம்பழம், நெய் எல்லாம் அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். அங்கன்வாடி சத்து மாவைப் பல வீட்டில் மாட்டுக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். கஞ்சியாகப் பிடிக்காவிட்டால் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துப் போட்டு, கொஞ்சம் நெய் விட்டு உருண்டை பிடியுங்கள். பெரியவளின் டப்பாவில் பொட்டுக்கடலை போய் இந்த உருண்டை வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏழாம் மாதத்துக்கு மேல் வயிற்றில் இடம் இருக்காது, நெஞ்சு கரிக்கும். ஆறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்து, உடனே படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைகாப்பு அன்று ஏழு வகைச் சோறு கலந்து ஊருக்கே போடுவோம். நலங்கு வைக்க மனையில் உட்கார்ந்திருக்கிறவள் மத்தியானம் வரை பட்டினி கிடப்பாள். உட்கார வைப்பதற்கு முன் இரண்டு இட்லி கொடுத்துவிடுங்கள். நடுவில் யாராவது தண்ணீர் நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்பதாம் மாதம் பிறந்தால் "நெய்யை ஊற்று, பிள்ளை வழுக்கிக்கொண்டு வரும்" என்பார்கள். நெய் போகும் வழி வேறு, பிள்ளை வரும் வழி வேறு. சோற்றுக்கு ஒரு ஸ்பூன் போதும். விளக்கெண்ணெய், நாட்டு மருந்துக் கடைக் கஷாயம் இவற்றை வலி வரவழைக்க என்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். பேதியும் ஆகி, வலியும் தாறுமாறாகும். வலி எடுத்துப் புறப்படும்போது பிளாஸ்க்கில் ரசமோ கஞ்சியோ எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத்தான் அதைத் திறக்க வேண்டும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்றால் எதுவும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள்.