பழைய பிஎஸ்பி-யில் பாட்டு ஏற்றுவது எப்படி

பீரோவில் பழைய பிஎஸ்பி கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சோனியின் இந்தக் கையடக்க கேம் கருவி, இன்றைக்கும் நல்ல மியூசிக் பிளேயர். சாதாரண ஹெட்போன் அப்படியே செருகலாம். நடுவில் போன் வராது, மெசேஜ் சத்தம் வராது. அப்பா சேர்த்து வைத்திருந்த கச்சேரி கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து, நான் இதில்தான் கேட்கிறேன். ராகம் தானம் பல்லவி மாதிரி நீளமான உருப்படியை இடைஞ்சல் இல்லாமல் கேட்க வீட்டில் இதைவிட நல்ல கருவி எனக்கு இல்லை.

முதலில் பின்பக்க மூடியைப் பாருங்கள். மூடி புடைத்திருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜ் போடவே கூடாது. கழற்றிவிட்டு வேறு வாங்குங்கள்.

அடுத்து கேபிள். 1000, 2000, 3000 வரிசை பிஎஸ்பி-களின் மேல்விளிம்பில் இருப்பது மினி யுஎஸ்பி துளை. பழைய ஆண்ட்ராய்டு போனுக்கு வந்த மைக்ரோ யுஎஸ்பி இதில் நுழையாது, அழுத்திப் பார்க்க வேண்டாம். பழைய டிஜிட்டல் கேமரா, வெளியே வைக்கிற ஹார்டு டிஸ்க் இவற்றோடு வந்த கேபிள் பெரும்பாலும் மினிதான். சில கேபிள்களில் சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாது. செருகியும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிஎஸ்பி கோ மட்டும் தனி ரகம். அதற்கு அதன் சொந்த கேபிளே வேண்டும்.

பாட்டு போய் உட்காரும் இடம் மெமரி ஸ்டிக் டுவோ என்ற சோனியின் மெமரி கார்டு. ஆரம்பத்தில் கருவியோடு கொடுத்தது 32 எம்பி ஸ்டிக். ஆறேழு சினிமாப் பாட்டுக்கு மேல் தாங்காது. பெரிய ஸ்டிக் இப்போது கிடைப்பது கஷ்டம். மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகி மெமரி ஸ்டிக் ஆக்குகிற அடாப்டர் இருக்கிறது, சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள இடங்களில் கேட்டுப் பாருங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 4 ஜிபி-யில் 60 மணி நேரத்துக்கு மேல் பாட்டு வைக்கலாம். கேசட்டில் இருந்து எடுத்ததற்கு 128 போதும். சிடியில் இருந்து எடுப்பதை 192-இல் வையுங்கள், மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) நாதம் கெடாமல் இருக்கும்.

புது கார்டு என்றால் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்யாமல் பிஎஸ்பி-யிலேயே செய்யுங்கள்: செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், ஃபார்மேட் மெமரி ஸ்டிக். ஏற்கெனவே கேம் ஆடிய ஸ்டிக் என்றால், பிஎஸ்பி ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ்டேட்டா ஃபோல்டரைக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு ஃபார்மேட் போடுங்கள். யாரோ ஒரு பையன் லீவு முழுக்க உட்கார்ந்து ஜெயித்தது அதில்தான் இருக்கும்.

இப்போது கேபிளைச் செருகி, செட்டிங்ஸில் யுஎஸ்பி கனெக்‌ஷன் மேல் எக்ஸ் பட்டனை அழுத்துங்கள். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் வரும். திறந்தால் 'மியூசிக்' என்று ஒரு ஃபோல்டர். இல்லையென்றால் ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், நீங்களே உருவாக்குங்கள். பிஎஸ்பி-யின் சிஸ்டம் மென்பொருள் 2.80-க்கு முந்தைய பழசு என்றால் மட்டும் அது பிஎஸ்பி ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும்.

பலரும் தடுமாறுவது இங்கேதான். மியூசிக் ஃபோல்டருக்குள் ஒரே ஓர் அடுக்கு ஃபோல்டர்தான் பிஎஸ்பி-க்குத் தெரியும். 'கச்சேரி' என்று ஒன்று வைத்து, அதற்குள் 'வீணை', 'நாதஸ்வரம்' என்று பிரித்தால், உள்ளே இருக்கும் பாட்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது. 'கச்சேரி வீணை', 'கச்சேரி நாதஸ்வரம்' என்று பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். பெயர்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பிஎஸ்பி-யில் தமிழ் எழுத்துரு கிடையாது, தமிழில் அடித்தது படிக்கிற மாதிரி வராது.

பாட்டின் பெயருக்கும் இதே கதைதான். கோப்புப் பெயரை எவ்வளவு அழகாக வைத்தாலும், திரையில் வருவது எம்பி3-க்குள் பதிந்திருக்கும் டேக், அதாவது பாட்டின் விவரக் குறிப்பு. இணையத்தில் வாங்கிய பாட்டுகளில் சிலவற்றின் டேக்கில் கடையின் விலாசமே தலைப்பாக இருக்கும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் திறந்து, ராகம், உருப்படி, பாடியவர் என்று சரியாகப் போடுங்கள். வரிசை முக்கியம் என்றால் 01, 02 என்ற எண்ணைக் கோப்புப் பெயரிலும் டேக்கிலும் சேருங்கள். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிகிற கச்சேரி தலைகீழாக ஓடினால் எப்படிக் கேட்பது? ஒரு ராத்திரி உட்கார்ந்தால் முடிகிற வேலை. ஒழுங்காகச் செய்துவிட்டால் பிறகு தொடவே வேண்டாம்.

ஃபிளாக், ஓஜிஜி வகை பாட்டுக் கோப்புகள் பிஎஸ்பி-யில் ஓடாது. ஆடாசிட்டியிலேயே எம்பி3-ஆக மாற்றிக்கொள்ளலாம். மேக் கம்ப்யூட்டரில் இருந்து ஏற்றினால், புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்புகள் கூடவே வந்து, கெட்டுப்போன பாட்டுபோலப் பட்டியலில் நிற்கும். அவற்றை அழித்துவிடலாம், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

ஏற்றி முடித்ததும் கம்ப்யூட்டரில் எஜெக்ட் கொடுங்கள். முன்பக்க இடது ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு சிமிட்டுவது நின்றபிறகு வட்டப் பட்டனை அழுத்தி வெளியே வந்து, கேபிளைக் கழற்றுங்கள்.

பாட்டு ஓடும்போது எல், ஆர் பட்டன்கள் முந்தைய, அடுத்த பாட்டுக்குப் போகும். முக்கோணத்தை அழுத்தினால் ரிபீட், ஷஃபிள் எல்லாம் வரும். பையில் போட்டுக்கொண்டு நடப்பதென்றால் திரைக்குக் கீழே உள்ள டிஸ்பிளே பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். திரை அணைந்துவிடும், பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், சார்ஜும் மிச்சம். பிறகு பவர் சுவிட்சைக் கீழ்ப்பக்கம் தள்ளி ஹோல்டில் வையுங்கள், பட்டன் எதில் பட்டாலும் பாட்டு மாறாது.