சின்ன ஆற்றில் மூங்கில் தூண்டில்: தக்கையை நிமிர்ந்து நிற்க வைப்பது எப்படி?

குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு மாதிரி காவிரியின் கிளை ஆறுகளுக்கு மூங்கில் தூண்டிலே போதும். ரீல் வாங்கவே வேண்டாம். கெண்டையும் கெளுத்தியும் கரையோரக் கோரைப் பக்கம்தான் மேயும். தூரமாக வீச இங்கே வேலை இல்லை.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். புதுத்தண்ணீர் கலங்கி வேகமாக வரும் நாட்களில் ஆற்றுக்கே போகாதீர்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், ஓட்டம் அடங்கிய நாள்தான் தோது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

1. எட்டடி மூங்கில், நுனி சுண்டுவிரலைவிட மெலிசாக. 0.25 மி.மீ. நைலான் நரம்பு, கழியைவிட ஒரு சாண் குறைவாக. அப்போதுதான் கழியை நிமிர்த்தினால் முள் கைக்கு வரும்.

2. 10 அல்லது 12-ம் நம்பர் முள். நம்பர் கூடினால் முள் சிறிசு. முடிச்சை இறுக்குமுன் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடேறி அங்கேயே அறும்.

3. தக்கைக்கு நெட்டித் தண்டு, விரல் நீளம். நெட்டி தண்ணீர் குடிக்கும், அதனால் நகப்பூச்சு இரண்டு தடவை பூசுங்கள். பிளாஸ்டிக் உருண்டை சின்ன மீன் கடிப்பதைக் காட்டாது.

4. முள்ளுக்கு நாலு விரல் மேலே ஈயக்குண்டை நரம்பில் நசுக்கிப் பொருத்துங்கள். தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பல்லால் கடித்து நசுக்கக் கூடாது, ஈயம் விஷம்.

5. பலரும் தடுமாறுவது ஆழம் பார்ப்பதில்தான். புழு கோக்குமுன் முள்ளில் ஒரு கனத்த ஈயக்கட்டியை மாட்டி இறக்குங்கள். தக்கை முழுகினால் ஆழம் அதிகம்: தக்கையை மேலே தள்ளுங்கள். படுத்துக்கொண்டால் நரம்பு அதிகம்: கீழே இறக்குங்கள். நுனி மட்டும் நிமிர்ந்து நின்றால் அதுதான் ஆழம். கட்டியை எடுத்துவிடுங்கள். கெளுத்திக்கு அப்படியே விடலாம். கெண்டைக்குத் தக்கையை அரைச்சாண் கீழே இறக்குங்கள். இடம் மாறினால் மறுபடி பாருங்கள், மணல் அள்ளிய ஆற்றில் நாலடிக்குள் ஆழம் மாறிவிடும். இதே காரணத்தால் முழங்கால் தண்ணீரில்கூட இறங்கக் கூடாது.

6. வாழைக்கொல்லை ஈரமண்ணில் மண்புழு கிடைக்கும். மாவு உருண்டை ஓட்டத்தில் கரைந்துவிடும். தக்கை நடுங்கும்போது பொறுங்கள்; முழுகினாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ மணிக்கட்டால் மட்டும் சுண்டுங்கள்.

மதகடியில் மீன் கூடும்தான். ஆனால் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் சட்டென்று ஏறும், அங்கே நிற்காதீர்கள். பாசி பிடித்த படித்துறையும் வேண்டாம்.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். ஈரத்துணியால் பிடியுங்கள். விஷமுள் உள்ள தேளி மீன் மாட்டினால் தொடாமல் நரம்பை வெட்டிவிடுங்கள். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

பின்சேர்க்கை: ஆழம் சரியாக இருந்தும் ஓட்டத்தில் தக்கை சாய்ந்தால், கழி நுனிக்கும் தக்கைக்கும் நடுவே நரம்பு தண்ணீரில் கிடக்கிறது என்று அர்த்தம். கழியை உயர்த்துங்கள். முள் வேரில் மாட்டினால் கழியால் இழுக்காமல், நரம்பை ஒரு குச்சியில் சுற்றி நேராக இழுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் விடாதீர்கள், கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும்.