குழந்தைகளிடம் தொழில் கற்கப் போய்ச் செய்யும் தவறுகள்

“குழந்தையைப் பாருங்கள், எத்தனை முறை விழுந்தாலும் எழுந்து நடக்கிறது. தொழிலும் அப்படித்தான்!” சுயதொழில் பயிற்சிக் கூட்டங்களில் இந்த வசனத்துக்குக் கைதட்டல் நிச்சயம். அதை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதுதான் முதல் தவறு.

குழந்தை விழுவது உண்மைதான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். ஆனால் அந்தக் குழந்தையின் உயரமே இரண்டரை அடிதான். விழுந்த இடத்தில் உட்கார்ந்து, அழலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு எழுந்துவிடும். கடன் வாங்கி, மூன்று ஆண்டு வாடகை ஒப்பந்தம் போட்டு, பத்து லட்சத்துக்கு அலங்காரமும் செய்துவிட்டவர் விழுவது மொட்டை மாடியிலிருந்து. சிறுதானிய முறுக்கு விற்க நினைப்பவர் முதலில் ஐந்து கிலோ போட்டுத் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம். விற்காவிட்டால் நஷ்டம் மாவும் எண்ணெயும் மட்டும். விழுகிற உயரத்தைக் குறைத்துக்கொண்டால் துணிச்சல் தானாக வரும்.

அடுத்த தவறு, சரக்கைக் கடைசியில் சோதிப்பது. பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கி, டாம் வூஜெக் 2010இல் ஒரு மேடைப் பேச்சின் மூலம் பரப்பிய விளையாட்டு ஒன்று உண்டு. சேமியாவைப் போல நீளமான, வேகாத ஸ்பகெட்டிக் குச்சிகள் 20, ஒரு கெஜம் ஒட்டு நாடா, ஒரு கெஜம் நூல், பஞ்சு போன்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்று. 18 நிமிடங்களில் கோபுரம் கட்டி, உச்சியில் மிட்டாயை வைக்க வேண்டும். வணிகப் படிப்பை முடித்து வந்தவர்கள் யார் தலைவர் என்று பேசி, படம் வரைந்து, கட்டி முடித்து, கடைசி நிமிடத்தில் மிட்டாயை ஏற்றுவார்கள். குச்சி வளைந்து மொத்தமும் சரியும். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் முதலிலேயே மிட்டாயைக் கையில் எடுத்து, இரண்டு மூன்று குச்சிகளில் குத்தி, நிற்கிறதா என்று பார்ப்பார்கள். சராசரியாக இவர்களின் கோபுரமே உயர்ந்து நின்றது. (கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் பிள்ளைகளை மிஞ்சினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவர்தான்.)

நம் ஊரில் டிபன் கடை திறக்கும் விதத்தைக் கவனியுங்கள். பெயர்ப்பலகை, கல்லாவுக்கு கிரானைட், திறப்பு விழா அழைப்பிதழ், பூஜை எல்லாம் முடிந்துவிடும். சாம்பாரை முதன்முதலாக ஐம்பது பேருக்கு வைத்துப் பார்ப்பது திறப்பு விழா அன்று. வீட்டில் ஆறு பேருக்கு மணத்த சாம்பார் அண்டாவில் வைத்தால் அப்படியே வரும் என்று யார் சொன்னார்கள்?

மூன்றாவது தவறு கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பது. சிறுதொழில்களைச் சாய்ப்பதில் மற்றவற்றைவிட இதற்கே பெரிய பங்கு என்பது என் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை பலூன் வாங்கித் தருவதாக ஒரு நான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா? சனிக்கிழமை இரவே நினைவுபடுத்தும். ஞாயிறு காலை பல் துலக்கும் முன் கேட்கும். விருந்தாளி எதிரிலும் கேட்கும். அதில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. தருவதாகச் சொன்னீர்கள், எங்கே?

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரோ மூன்று மாதமாக வராத எண்பதாயிரம் ரூபாய்க்காகப் பார்ட்டியைத் தொலைபேசியில் அழைத்து, “சும்மாதான் கூப்பிட்டேன்” என்று தொடங்குவார். மழை, உடல்நலம், பையனின் படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். சனிக்கிழமை கூலிக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போகும்.

சட்டம் இவர் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர், எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் கெடு 15 நாட்கள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. மாநில அரசு இதற்கென அமைத்திருக்கும் மன்றத்தில் முறையிடலாம். தவிர, வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, கெடு தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை வாங்கியவர் உண்மையில் கொடுக்கும்வரை தன் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது. பெரிய நிறுவனங்களின் கணக்கர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உற்பத்தி செய்வோருக்கும் சேவை தருவோருக்கும்தான். உடனே வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. பில்லின் அடியில் கெடு தேதியை அச்சடியுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய நாளே, நலம் விசாரிப்பதற்கு முன்னால், “நாளை பணம் வந்துவிடும் அல்லவா?” என்று கேளுங்கள்.

வாக்கைக் காற்றில் விடுவதும் தவறுதான். உளவியல் ஆய்வாளர் செலஸ்ட் கிட் குழுவினர் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் 28 சிறு பிள்ளைகளை வைத்துச் செய்த ஒரு சோதனை 2013இல் வெளியானது. நல்ல கிரேயான்கள் கொண்டுவருவதாகச் சொன்ன பெரியவர் ஒரு குழுவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொரு குழுவிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். ஸ்டிக்கர்களிலும் அப்படியே. பிறகு ஒரு மிட்டாயை வைத்து, காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றார்கள். முதல் குழு சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தது. ஏமாந்த குழு 3 நிமிடம். தீபாவளிக்கு முன் “நாளைக்கு வாருங்கள்” என்று மூன்று முறை அலைய வைத்த தையல்காரரிடம் நான்காவது முறை யார் பொறுமையாகப் பேசுவார்கள்? வெள்ளிக்கிழமை முடியாது என்றால் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடலாம்.

புதிதாகச் சேர்ந்த பையன் கேட்கும் கேள்வியை “வேலையைப் பார்” என்று அடக்குவதும் வழக்கம். 1943இல் அமெரிக்காவின் சாண்டா ஃபேயில், எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியாது என்று மூன்று வயது மகள் கேட்ட கேள்வியைக் கண்டுபிடிப்பாளர் எட்வின் லேண்ட் அடக்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த போலராய்ட் உடனடி கேமரா 1948இல் விற்பனைக்கு வந்தது.

பிள்ளைகளிடம் கற்கவே கூடாத ஒன்றும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுப்பது. விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு வைத்த ஒரு பெட்டியின் மேல் துளையில் குச்சியை விட்டுக் காட்டி, பிறகு முன் துளை வழியே பரிசை எடுத்துக் காட்டினார்கள். பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரியும்படி இருந்தபோது, மேல் துளையால் பயனில்லை என்று கண்டு சிம்பன்சிகள் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டையும் அப்படியே செய்தார்கள்.

பக்கத்துத் தெரு டீக்கடையில் கூட்டம் என்றதும் அதே பித்தளைப் பாய்லர், அதே மஞ்சள் விளக்கு, அதே மண் கோப்பை என்று வாங்கி அடுக்குவதும் இந்த ரகம். கூட்டத்துக்குக் காரணம் எதிரே உள்ள பஸ் நிறுத்தமாக இருக்கலாம், காலை நான்கரைக்கே கடை திறப்பதாகவும் இருக்கலாம். ஒரு நாள் முழுக்க அங்கே நின்று, எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கோப்பைக்கு ஆர்டர் கொடுப்பது அதுவரை காத்திருக்கட்டும்.