நோயிலிருந்து தேறும் காக்டெயில் குஞ்சைத் தானே தின்னப் பழக்கும் முறை

காக்டெயில் (cockatiel) என்னும் கொண்டையுள்ள சிறு கிளியின் குஞ்சை வாங்கிச் செல்பவரிடம், எட்டு வாரம் ஆனதும் சிரிஞ்சால் ஊட்டுவதை நிறுத்திவிடலாம், பிறகு அதுவே தின்று கொள்ளும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்புவது வழக்கம். நல்ல உடல்நிலையில் வளரும் குஞ்சுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். ஏழு முதல் பத்து வாரங்களுக்குள் பெரும்பாலான குஞ்சுகள் தாமாகவே சிரிஞ்சை விட்டு முகத்தைத் திருப்பத் தொடங்கும். தீனிப்பை (கழுத்தடியில், உண்ட உணவு முதலில் தங்கும் பை) மந்தம், வாய்ப்புண், மூச்சுத் தொல்லை, கால் கோணல் என ஏதேனும் ஒன்றால் இரண்டு வாரம் வாடிய குஞ்சுக்கு இந்த நாட்கணக்கு செல்லாது. அதன் வயது எட்டு வாரமாக இருந்தாலும் உடல் ஆறு வாரத்து வளர்ச்சியிலேயே நின்றிருக்கும். அப்படிப்பட்ட குஞ்சுக்குக் கையால் ஊட்டுவதை எப்போது குறைக்கலாம் என்பதை அதன் எடையையும் தீனிப்பையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். (கையால் ஊட்டுவதைக் 'கையூட்டு' என்று எழுதினால் வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வரும் என்பதால், இங்கே அதைக் 'கைத்தீனி' என்று குறிப்பிடுகிறேன்.)

இங்கே சொல்லப்படுபவை காக்டெயிலுக்கு உரியவை. நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அதை வீட்டில் வளர்ப்பது குற்றமாகும். மரப்பொந்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு கைக்குக் கிடைத்தால், அதை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

முதலில் வாங்க வேண்டிய கருவி ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சிறிய மின்தராசு. சமையலறைக்கென்று விற்பதே போதும். அதன்மீது ஒரு கிண்ணத்தை வைத்து, தினமும் காலையில் முதல் தீனிக்கு முன், தீனிப்பை காலியாக இருக்கும் நேரத்தில் குஞ்சை நிறுத்தி எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பொரித்த அன்று நான்கைந்து கிராம் இருக்கும் காக்டெயில் குஞ்சு, நான்கு வாரத்தில் வளர்ந்த பறவையின் எடையை, அதாவது ஏறத்தாழ 80 முதல் 100 கிராமை எட்டிவிடும். சிறகடிக்கத் தொடங்கும்போது சிறிது இளைக்கும். எடையோடு கூட ஒவ்வொரு வேளையும் எத்தனை மில்லி ஊட்டினோம், அடுத்த வேளைக்குள் தீனிப்பை எவ்வளவு இறங்கியது, எச்சம் எப்படி இருந்தது ஆகிய மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது "கொஞ்சம் சோர்வாக இருக்கிறது" என்று சொல்வதைவிட இந்த நோட்டை நீட்டுவது பத்து மடங்கு பயன் தரும்.

தீனியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெப்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளிரில் இருக்கும் குஞ்சின் தீனிப்பை வேலை செய்யாது. எவ்வளவு நல்ல உணவும் அங்கேயே தங்கிப் புளிக்கும். இறகு முளைத்த ஐந்து வாரக் குஞ்சு நலமாக இருந்தால் சாதாரண அறை வெப்பமே அதற்குப் போதும். நோயுற்ற குஞ்சுக்கோ பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். அதை ஒரு வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டுமே தவிர, கையால் தொட்டு ஊகிக்கக் கூடாது. சித்திரை மாதத்துச் சென்னையில் அறையே 33 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது பெட்டிக்குள் பல்பு எரிப்பது குஞ்சை வேக வைப்பதற்குச் சமம். வாயைத் திறந்து இரைப்பதும் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்வதும் சூடு மிகுந்ததற்கான அறிகுறிகள். அதே குஞ்சு இரவில் குளிர்சாதன அறையில் வைக்கப்பட்டால் பல்பு கட்டாயம் வேண்டும்.

கைத்தீனிக்கு, கிளிக் குஞ்சுகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட பொடியைத்தான் பயன்படுத்த வேண்டும். குழந்தைகளுக்கான கஞ்சி மாவைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அவற்றில் பல பால்பொடி கலந்தவை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைகளுக்கு இல்லை. மேலும், வளரும் குஞ்சுக்கு வேண்டிய புரதமும் கால்சியமும் அந்தக் கஞ்சியில் உரிய அளவில் இருப்பதில்லை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பொடி விரைவில் கட்டிதட்டிப் பூசணம் பிடிக்கும் என்பதால், பொட்டலத்தைப் பிரித்ததும் இறுக மூடும் டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. காய்ச்சி ஆறவைத்த நீரையே கரைக்கப் பயன்படுத்த வேண்டும். ஒரு வேளைக்குக் கரைத்ததில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். அதை மறுபடி சூடாக்கி ஊட்டுவது தீனிப்பைக்குள் கிருமியை வளர்க்கும் வழி.

ஊட்டும் உணவின் சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குஞ்சு வாங்க மறுக்கும், வாங்கினாலும் செரிமானம் மந்தப்படும். 43 டிகிரியைத் தாண்டினால் தீனிப்பையின் உட்சுவர் வெந்துபோகும். இந்தக் காயம் உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. சில நாட்கள் கழித்துக் கழுத்தடித் தோல் சிவந்து, பொருக்குத் தட்டி, அதில் ஓட்டை விழுந்து, ஊட்டிய உணவு வெளியே வழியும்போதுதான் பலர் அறிகிறார்கள். அதன்பின் அறுவைச் சிகிச்சை தவிர வழியில்லை. மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் ஆங்காங்கே கொதிக்கும் பகுதிகள் உண்டாகும் என்பதால் அதை அறவே தவிர்த்து, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் தீனிக் கிண்ணத்தை வைத்துக் கிளறிச் சூடேற்றி, வெப்பமானியால் அளந்த பிறகே ஊட்ட வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொது விதி. 80 கிராம் குஞ்சுக்கு 8 மில்லி. தீனிப்பை மந்தமாக இருக்கும் குஞ்சுக்கு அதே 8 மில்லியை மூன்று வேளை கொடுப்பதைவிட, ஐந்தாறு மில்லியாகக் குறைத்து நான்கு வேளையாகப் பிரிப்பது மேல். நலமான குஞ்சுக்கு நீர்த்த தோசை மாவின் பதம் பொருந்தும். தேறிவரும் குஞ்சுக்கு முதல் ஓரிரு நாட்கள் கெட்டி மோர்ப் பதத்தில் தொடங்கி, தீனிப்பை ஒழுங்காக இறங்குவதைப் பார்த்தபின் மெல்லக் கெட்டியாக்க வேண்டும்.

ஊட்டும்போது குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டி ஆவலோடு வாங்க வேண்டும். அந்த ஆட்டத்தின்போது மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்கிறது. ஆட்டம் இல்லாத குஞ்சின் வாயில் பீய்ச்சினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே இருக்கிறது, உணவுக்குழல் கழுத்தின் வலப்புறமாக இறங்குகிறது. எனவே சிரிஞ்சைக் குஞ்சின் இடப்பக்க வாயோரத்தில் வைத்து வலப்பக்கமாகச் சாய்த்து ஊட்ட வேண்டும். ஊட்டிய பின் இருமலோ, மூச்சில் சொடக்குச் சத்தமோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவதோ தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். குஞ்சுக்கு ஒரு சிரிஞ்ச் என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதும், ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் அதைப் பிரித்துக் கழுவி வெந்நீரில் போடுவதும், நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமலிருக்க மிக எளிய வழிகள்.

 தீனிப்பை நிறைந்திருக்கும்போது சிறு பலூன் போல மெத்தென்று இருக்கும்; நான்கைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும்; இரவு முழுவதும் கழிந்த பின் காலையில் அது வெறுமையாகத் தொங்க வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகியும் பாதி அப்படியே இருந்தால், பழையதன் மேல் புதியதை ஊற்றக் கூடாது. முதலில் பெட்டியின் வெப்பத்தைச் சரிபார்த்து, இதமான சூட்டில் இரண்டு மூன்று மில்லி வெறும் நீரை, குஞ்சு ஆவலோடு வாங்கினால் மட்டும், கொடுத்துக் காத்திருக்கலாம். சிலர் உணவு இறங்கட்டும் என்று தீனிப்பையைப் பிசைந்து விடுகிறார்கள். நிறைந்த பையை அழுத்தினால் உணவு மேலேறி மூச்சுக்குழலுக்குள் நுழையும். காலையிலும் பை காலியாகவில்லை என்றாலோ, வாயிலிருந்து புளித்த வாடை வந்தாலோ, வாய்க்குள் தயிர்த் துணுக்குபோல் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ, அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைக் கடந்துவிட்டது. வெள்ளைப் படலம் பெரும்பாலும் கேண்டிடா என்னும் பூஞ்சையால் வருவது. வீட்டில் மீந்திருக்கும் மனிதருக்கான ஆன்டிபயாடிக்கைச் சொட்டுவிட்டால், நல்ல பாக்டீரியாவும் அழிந்து அந்தப் பூஞ்சை இன்னும் செழிக்கும். ஓம நீர், மஞ்சள் நீர் எல்லாம் குஞ்சுக்குப் பயன்படுவதைவிடக் கொடுப்பவரின் மனத்துக்கே அதிகம் பயன்படுகின்றன என்பது என் கருத்து.

மருத்துவர் பறவைகளைப் பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். ஊரில் அப்படி ஒருவர் இல்லையென்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம். மருந்து எழுதித் தந்தவுடன் அதை உணவுக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பூஞ்சைக்குத் தரப்படும் நிஸ்டாட்டின் புண்ணின்மேல் பட்டால்தான் வேலை செய்யும் என்பதால் வெறும் வாயில், தீனிக்கு முன் தரப்படுகிறது. கிளிக் காய்ச்சலுக்கு (சிட்டகோசிஸ் என்னும் பாக்டீரியா நோய்) டாக்சிசைக்ளின் தரப்பட்டிருந்தால், கால்சியம் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே கூண்டில் கால்சியத்துக்காகத் தொங்கும் கடல் நுரையை (கணவாய் ஓட்டை) எடுத்துவிடலாமா என்று கேட்க வேண்டும். அந்தக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடியது. குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

இனித் தானே தின்னப் பழக்குவது. மருந்து முடிந்து, தொடர்ந்து ஐந்து நாட்கள் காலையில் தீனிப்பை காலியாக இருந்து, எடை இறங்காமல் நின்றால், தொடங்கலாம் என்பது நான் வைத்திருக்கும் விதி. அதற்கு முன்பே கூண்டுத் தரையில் உணவைத் தூவி வைப்பதில் தவறில்லை. குஞ்சு முதலில் தின்னாது. அலகால் கிளறும், கவ்வும், உதறும். அந்த விளையாட்டே பாடம். காக்டெயில் இயல்பில் தரையில் மேயும் பறவை என்பதால், உயரத்தில் மாட்டிய கிண்ணத்தைவிடத் தரையில் வைத்த தட்டையான தட்டு அதற்கு எளிது. தினைக் கதிரைப்போல வேறெதுவும் குஞ்சை ஈர்ப்பதில்லை. அதோடு வேகவைத்து மசித்த முட்டை, அவித்த சோளம், துருவிய கேரட், பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரை, கொத்தமல்லி ஆகியவற்றைச் சிறிதளவு வைக்கலாம். ஈரமான உணவு நம் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் கெட்டுவிடும். அதற்குள் எடுத்துவிட வேண்டும். முளைகட்டிய பயறு நல்ல உணவுதான் என்றாலும், அதில் பூசணம் எளிதில் பிடிக்கும் என்பதால், தீனிப்பைத் தொல்லையிலிருந்து மீண்ட குஞ்சுக்கு முதல் மாதத்தில் நான் கொடுப்பதில்லை. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, வெங்காயம், உப்பிட்ட தின்பண்டம் எதுவும் கூடாது.

இந்தக் கட்டத்தில் சிரிஞ்சை விட்டுக் கரண்டிக்கு மாறுவது நல்லது. சிறிய கரண்டியின் இரு ஓரங்களையும் உட்புறம் வளைத்தால் அது தாய்ப்பறவையின் அலகைப்போல் அமையும். நேரம் அதிகம் பிடிக்கும், சட்டையெல்லாம் தீனியாகும்; ஆனால் குஞ்சு தன் வேகத்தில் விழுங்கக் கற்றுக்கொள்ளும்.

வேளைகளைக் குறைக்கும்போது முதலில் நண்பகல் தீனியை நிறுத்த வேண்டும். பகலில் பசியெடுத்த குஞ்சு தட்டைத் தேடிப் போகும். நான்கைந்து நாட்கள் எடை நிலைத்தால், காலைத் தீனியை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, பிறகு அளவைக் குறைத்து, அதன்பின் நிறுத்தலாம். இரவுத் தீனி கடைசிவரை இருக்கட்டும், ஏனெனில் வெறும் வயிற்றோடு பன்னிரண்டு மணி நேர இரவைக் கடப்பதே மெலிந்த குஞ்சுக்குப் பெரிய சோதனை. நலமான குஞ்சு இந்தக் காலத்தில் உச்ச எடையிலிருந்து பத்து விழுக்காடு வரை இளைப்பது இயல்பு. நோயிலிருந்து மீண்ட குஞ்சுக்கு நான் அந்த இடம் தருவதில்லை. ஐந்து விழுக்காடு குறைந்தாலே, அதாவது 80 கிராம் 76 ஆனாலே, நிறுத்திய வேளையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பசியால் பணிய வைத்தால் விரைவில் தின்னும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிப் பழக்கப்பட்ட குஞ்சு தட்டைக் கொறிப்பதுபோல் பாவனை காட்டும், உமியை மட்டும் உதிர்க்கும். தட்டு காலியாகத் தோன்றும், குஞ்சின் மார்பெலும்பு கத்தி முனைபோல் துருத்தும். தட்டில் உமியை ஊதிவிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

இடம் மாறினாலும், முதல் முறை பறந்து சுவரில் மோதிக்கொண்டாலும், புதிய பறவை வீட்டுக்கு வந்தாலும், தின்னக் கற்ற குஞ்சு மீண்டும் தோளைக் குறுக்கிக்கொண்டு கெஞ்சும். அப்போது எடை சரியாக இருந்தால் இரண்டு மில்லி இதமான தீனியைக் கரண்டியில் கொடுத்தால் போதும். எடையும் இறங்கியிருந்தால், நோய் திரும்பியிருக்கிறதா என்று தீனிப்பையையும் எச்சத்தையும் பார்க்க வேண்டும். எச்சத்தில் பச்சையும் வெள்ளையும் தனித்தனியாக இருப்பது நல்லது. செரிக்காத தானியம் முழுசாக வெளிவந்தாலோ, வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசி இரவுத் தீனியைக் குஞ்சே மறுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று வாரங்களுக்குக் காலை எடையைத் தொடர்ந்து குறிக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் பொடி டப்பாவும் கரண்டியும் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.