கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் படிப்புக்குக் கைகொடுக்க நினைப்போருக்கு

இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ பெற்றோரை இழந்த, அல்லது வறுமையால் பள்ளியை விட்டு நிற்கும் நிலையில் உள்ள ஒரு பிள்ளைக்கு மாதந்தோறும் நூறு, இருநூறு வெள்ளி அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் கோலாலம்பூரில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு உண்டு. தாத்தாவின் நினைவு நாளிலோ சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளிலோ அந்த எண்ணம் வலுப்பெறுகிறது. அன்றே யாரோ கொடுத்த வங்கிக் கணக்குக்குப் பணம் போய்விடுகிறது. எதற்காக, யார் வழியாக, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கேள்விகளை அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறோம். புதிதாகத் தொடங்குவோருக்குப் பயன்படும் என்று எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, உதவி ஒரு விடுதிக்குப் போக வேண்டுமா, பிள்ளை வாழும் வீட்டுக்குப் போக வேண்டுமா என்பது. தொடக்கத்தில் நாங்கள் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இலங்கையின் வடக்கே ஒரு சிறுவர் இல்லத்துக்குப் பணம் அனுப்பினோம். அங்கிருந்த ஒரு சிறுமி தாய் தந்தை இல்லாதவள் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் நேரில் போனபோது, அவளுடைய அம்மா பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஊரில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார் என்று தெரியவந்தது. சப்பாத்துக்கும் பேருந்துக்கும் வழியில்லாமல்தான் அவர் மகளை அங்கே விட்டிருந்தார். அந்தச் சிறுமியின் பெயரில் நாங்கள் கொடுத்த தொகையில் பாதி அந்தத் தாயின் கைக்குப் போயிருந்தால், அவள் அம்மாவின் பக்கத்தில் படுத்துறங்கி, அங்கிருந்தே பள்ளிக்குப் போயிருப்பாள். அந்த மூன்று ஆண்டுகளை எங்களால் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

உலகெங்கும் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார். வறுமை ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. ஆகவே தாய், பாட்டி, சித்தி என்று யாரேனும் ஒருவர் பிள்ளையை வைத்துக் காப்பாற்ற முடியுமானால், அந்த வீட்டைத் தாங்கும் திட்டத்துக்கே பணம் போகட்டும். எவருமே இல்லாத பிள்ளைகளும், வீட்டிலேயே ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இல்லம் தேவை. அந்த இல்லம் இந்தியாவில் என்றால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழும், இலங்கையில் என்றால் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திடமும் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார், சென்ற ஆண்டில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். நன்றாக நடக்கும் இல்லத்தில் இந்த விவரம் கையிலேயே இருக்கும்.

அடுத்து, அந்த நாட்டு அரசு என்ன கொடுக்கிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945-இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளியில் பாடநூலும் சீருடையும் இலவசம். அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் வரை கட்டணம் இல்லை. எனவே அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ‘பள்ளிக் கட்டணம்’ என்று பெரிய தொகை கேட்டால் விளக்கம் கேட்பது நம் கடமை. உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது: பேருந்து, சப்பாத்து, கொப்பி, கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாக டியூஷன். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் பொதுத்தேர்வான சாதாரண தரத்தை நெருங்கும் பிள்ளைக்குக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் டியூஷன் இல்லையென்றால் கூடப் படிப்பவர்களோடு போட்டியிட முடிவதில்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பையன் கூலிக்குப் போனால் வீட்டுக்கு அன்றே காசு வரும் என்பதால், படிப்பு அறுந்துபோகும் வயதும் அதுவே. சின்னஞ்சிறு பிள்ளைகளின் படத்தைப் பார்த்து மனமிரங்கும் நாம், மீசை அரும்பும் வயதுப் பையன்களை மறந்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

தமிழ்நாட்டில் 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. அரசுப் பள்ளிகளில் மதிய உணவு உண்டு. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் கொடுக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆகவே அங்கே இடைவெளி பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு விழுகிறது: கல்லூரிக் கட்டணம், விடுதி, மடிக்கணினி. இன்னொன்றும் உண்டு. பெற்றோர் இல்லாத பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழோ சாதிச் சான்றிதழோ பல நேரங்களில் இருப்பதில்லை. அவை இல்லாமல் பல அரசு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. பிள்ளையோடு தாலுகா அலுவலகத்துக்கு நாலு முறை நடக்க ஒரு களப்பணியாளருக்குக் கொடுக்கும் சம்பளம் வீண் நிர்வாகச் செலவு ஆகாது. எங்கள் பணத்தில் மிகுந்த பலன் தந்த செலவுகளில் அதுவும் ஒன்று.

யார் வழியாக அனுப்புவது என்பதில் இந்தியாவின் சட்டம் கண்டிப்பானது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி, வெளிநாட்டுப் பணம் பெறும் தொண்டு நிறுவனம் உள்துறை அமைச்சகத்திடம் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் புதுடில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். அதை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் கூடாது. மலேசியக் குடியுரிமை உள்ள நாம், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. எனவே ‘பதிவு இன்னும் வரவில்லை, செயலாளரின் சொந்தக் கணக்குக்குப் போடுங்கள்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், எவ்வளவு நல்லவர்களாகத் தோன்றினாலும் அங்கே நின்றுவிடுங்கள். சிக்கல் வந்தால் பாதிப்பு பிள்ளைகளுக்குத்தான். இலங்கையில் நிறுவனத்தின் பதிவுச் சான்றோடு, குடும்பத்தின் நிலையை உறுதிசெய்யும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கேளுங்கள். பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்து நடக்கும் உதவியே பாதுகாப்பானது.

மலேசியாவில் நம் பக்கத்திலும் சட்டம் உண்டு. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தாலே அது ஒரு சங்கம். சங்கப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ பணம் திரட்டவும் முன் அனுமதி வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புக்குக் கொடுத்து ரசீது பெற்றால் மட்டுமே வரிக்கழிவு கிடைக்கும். நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்குக் கிடைக்காது. பணத்தை வங்கி வழியாகவோ, பேங்க் நெகாரா உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனம் வழியாகவோ அனுப்புங்கள். லெபோ அம்பாங்கிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் இத்தகைய கடைகள் உண்டு. உரிமம் கடையில் கண்ணில் படும்படி இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் இல்லாத தனியாட்கள் கைமாற்றி அனுப்பும் உண்டியல் வழி மலிவாகத் தெரியலாம். ஆனால் அது சட்டவிரோதம், கணக்கும் இருக்காது. ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள் என்பதால், மாதாமாதம் அனுப்புவதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புவது நல்லது.

ஒரு பிள்ளையை ஏற்பதற்கு முன், குறைந்தது ஓராண்டுக்கான தொகையைத் தனியே ஒதுக்கிவையுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஓராண்டு கொடுத்து நிறுத்துவதைவிட, இரண்டு பிள்ளைகளைப் பள்ளியின் கடைசித் தேர்வான உயர்தரம் (தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு) முடியும் வரை, முடிந்தால் அதற்கு அப்பாலும், தாங்குவது மேல். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காக உதவியை நிறுத்தாதீர்கள். குறைந்த ஆண்டில்தான் அந்தப் பிள்ளைக்கு நாம் கூடுதலாகத் தேவைப்படுகிறோம்.

பிள்ளையின் படத்தையும் பெயரையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இந்திய இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும், நம் வீட்டுப் பிள்ளையின் வறுமையை ஊருக்குக் காட்ட நாம் சம்மதிப்போமா? கடிதங்கள் நிறுவனத்தின் வழியாகவே போய்வரட்டும். ஊருக்குப் போகும்போது பார்க்க விரும்பினால் முன்கூட்டியே சொல்லி, களப்பணியாளரோடு மட்டும் போங்கள். தனியாகப் பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

வேலை போவது, நோய் வருவது போன்ற காரணங்களால் உங்களால் தொடர முடியாமல் போகலாம். அப்படியானால் மூன்று மாதங்களுக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒதுக்கிய தொகையைக் கொண்டு அந்தப் பள்ளியாண்டை முடித்துக் கொடுங்கள். அந்த இடைவெளியில் வேறொருவரைத் தேட அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.